தலைக்காயத்துக்குப் பிறகு மீன் எண்ணெய் கொடுக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மோட்டார் சைக்கிள் விபத்து, தென்னையில் இருந்து விழுந்தது, இரவில் நடுவீதியில் படுத்திருந்த மாட்டில் மோதியது. எங்கள் பக்கத்தில் தலை அடிபட இப்படிப் பல வழிகள் இருக்கின்றன. ஆளை வார்ட்டில் சேர்த்துச் சில நாள் போனதும் யாராவது ஒருவர் மீன் எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிடுவார். பல வேளைகளில் அது கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் அனுப்பியதாக இருக்கும். அன்போடு வருகிற பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை என்ன செய்வது, எவ்வளவு கொடுப்பது, அதில் எவ்வளவு நம்பிக்கை வைப்பது என்று குடும்பங்கள் கேட்கும்போது தெளிவான பதில் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

மீன் எண்ணெய் குடித்தால் மூளைக் காயம் சுகமாகுமா?

சுகமாக்கும் என்று மனிதர்களில் நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2013 டிசம்பரில் இதைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூளை அதிர்ச்சியைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்லி விற்கப்படும் துணை உணவுகளுக்கு ஆதாரம் இல்லை என்று அதில் நேரடியாகவே சொல்லப்பட்டது. அப்படி விற்கப்பட்டவற்றில் மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பும் மஞ்சளும் பெயர் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டன. அதற்குப் பிறகும் அந்த நிலையை மாற்றும் அளவுக்குப் பெரிய மனித ஆய்வு எதுவும் வரவில்லை.

அப்படியென்றால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

இரண்டு இடங்களில் இருந்து வந்தது. முதலாவது, உடலியல். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மூளையின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புத்தான். நரம்புக் கலங்களின் சுவரில் டி.எச்.ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. தலை அடிபட்ட நேரத்தில் ஒரு சேதம் நடக்கிறது. பிறகு வரும் மணித்தியாலங்களிலும் நாட்களிலும் வீக்கமும் அழற்சியும் சேர்ந்து இரண்டாவது சேதத்தை உண்டாக்குகின்றன. ஒமேகா-3 அழற்சியைத் தணிக்கக்கூடியது என்பதால், அந்த இரண்டாவது சேதத்தையும் குறைக்குமா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எலிகளில் செய்த ஆய்வுகளில் நரம்பு இழைகளின் சேதம் குறைந்தும் இருந்தது.

இரண்டாவது, செய்திகள். 2006 ஜனவரி 2ஆம் திகதி அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சாகோ நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நடந்தது. உள்ளே அகப்பட்ட 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். தப்பிய ஒருவர் நச்சு வாயுவால் மூளை பாதிக்கப்பட்டு ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தார். அவருக்குச் சிகிச்சை கொடுத்த குழுவில் இருந்த நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜூலியன் பெய்ல்ஸ், மற்றச் சிகிச்சைகளோடு அதிக அளவு மீன் எண்ணெயும் கொடுத்தார். நோயாளி எதிர்பாராத அளவுக்குத் தேறினார். 2010இல் வர்ஜீனியாவில் வாகன விபத்தில் சிக்கிய ஓர் இளைஞருக்கும் குடும்பத்தார் வற்புறுத்தியதால் இப்படிக் கொடுக்கப்பட்டது. அவரும் தேறினார். 2012இல் சி.என்.என் அதை ஒளிபரப்பியது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க இந்தப் பேச்சு பரவியது.

அந்த இரண்டு பேரும் எழும்பியது உண்மை. எதனால் எழும்பினார்கள் என்பதை இந்தச் செய்திகளை வைத்துச் சொல்ல முடியாது. சுரங்கத் தொழிலாளிக்கு உயர் அழுத்த ஒட்சிசன் சிகிச்சையும் நடந்தது, தீவிர சிகிச்சைப் பராமரிப்பும் இருந்தது. அவருடையது தலையில் பட்ட அடியும் இல்லை, காபனோரொட்சைட்டு வாயு செய்த வேலை. எண்ணெய் குடித்தும் எழும்பாதவர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் யாரும் நிகழ்ச்சி செய்யமாட்டார்கள். எண்ணெய் குடிக்காமலே எழும்பி நடக்கிறவர்களை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எலிக்கு வேலை செய்தால் மனிதருக்கும் வேலை செய்யாதா?

தலைக்காயத்தைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை பல தடவை உடைந்திருக்கிறது. புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் விலங்குகளில் நல்ல பலன் காட்டியது. 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் 2000க்கு மேற்பட்ட நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். அது கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. சிட்டிகோலின் குளிசையை நம் பக்கத்திலும் பலர் வாங்குகிறார்கள். 2012இல் வெளியான ஆய்வில் 1,213 பேருக்கு அதைச் சோதித்தார்கள். பலன் தெரியவில்லை.

ஸ்டீரொயிட் மருந்தின் கதை இன்னும் பாரதூரமானது. தலைக்காய வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பிப் பல வருடங்கள் கொடுத்தார்கள். 10,008 பேரை வைத்து நடந்த ‘கிராஷ்’ ஆய்வு 2004இல் வெளியானபோதுதான், மருந்து கொடுக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் அதிகம் என்று தெரிந்தது. இரண்டு கிழமைக்குள் இறந்தவர்கள் மருந்து கொடுத்த பக்கத்தில் 21.1 வீதம், கொடுக்காத பக்கத்தில் 17.9 வீதம். ‘நல்லது செய்யாவிட்டாலும் கெட்டது செய்யாதுதானே’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும். மீன் எண்ணெய் ஸ்டீரொயிட் மாதிரி ஆபத்தானது என்று சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் பெரிய அளவில் கொடுக்கக்கூடாது என்பதைத்தான் சொல்கிறேன்.

மகன் இன்னும் நினைவு திரும்பாமல் கிடக்கிறான். மீன் எண்ணெய்க் குளிசையை ஊசியால் குத்தி வாயில் ஒள்ளுப்பம் விடலாமா?

வேண்டாம். தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் மட்டுமில்லை, தண்ணீர், இளநீர், கோயில் தீர்த்தம், ஓதின தண்ணி, எதுவும் வேண்டாம். நினைவு மங்கினவரால் விழுங்க முடியாது. இருமி வெளியே தள்ளவும் முடியாது. வாயில் விட்டது நேராக நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் போனால் அதனாலேயே ஒரு வகை நிமோனியா வரும், அதை எளிதில் ஆற்ற முடியாது. தலைக்காயத்தில் தப்பி நெஞ்சுச் சளியில் போனவர்கள் இருக்கிறார்கள். தீர்த்தமோ ஓதின தண்ணியோ கொடுக்க மனம் கேட்டால் நெற்றியில் தடவுங்கள்.

மூக்குக் குழாயால் கொடுத்தால் பிரச்சினை இல்லையே?

தாதிக்குத் தெரியாமல் எதையும் குழாயில் விடக்கூடாது. எண்ணெய் குழாயின் சுவரில் ஒட்டும், மற்ற மருந்துகளோடு சேர்ந்து அடைக்கும். குழாய் இடம் மாறி இருந்தால் உள்ளே விட்டது நுரையீரலுக்குப் போகும். அதைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் வார்ட்டில்தான் இருக்கிறார்கள்.

சாப்பாட்டால் ஒன்றும் ஆகாது என்கிறீர்களா?

நேர் எதிர். தலைக்காயத்தில் சாப்பாடுதான் பெரிய மருந்துகளில் ஒன்று. கடுமையாக அடிபட்ட உடல் வழக்கத்தை விட வேகமாகத் தன் தசையையே கரைத்து எரிக்கும். படுத்துக்கொண்டுதானே இருக்கிறார், அவருக்கு என்ன பசி என்று நினைத்தால் ஒரு மாதத்தில் கை, கால் குச்சியாகிவிடும். எழுப்பி நடக்க வைக்கும் நாள் வரும்போது நடக்கத் தசை இருக்காது.

அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் (Institute of Medicine) 2011இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் முதலில் வைத்தது. கடுமையான காயம் பட்டவருக்கு 24 மணித்தியாலத்துக்குள் உணவு தொடங்க வேண்டும், அவருக்குத் தேவையான சக்தியில் பாதிக்கு மேல் கிடைக்க வேண்டும், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும், இரண்டு கிழமைக்கு இப்படித் தொடர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஒமேகா-3 பற்றி அதே அறிக்கை கேட்டது, இன்னும் ஆய்வு செய்யுங்கள் என்பதைத்தான்.

60 கிலோ எடையுள்ளவருக்கு அந்தக் கணக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். முள்ளில்லாத மீன் 100 கிராமில் 20 கிராம் அளவு. வெறும் அரிசிக் கஞ்சியால் இந்தக் கணக்கை எட்டவே முடியாது. எங்கள் வீடுகளில் நோயாளி என்றால் கஞ்சி, சீனிபோட்ட தேத்தண்ணி, மா பிஸ்கட் என்று போகிறது, அதுதான் எனக்குக் கவலை. விழுங்க முடிந்தவர் என்றால் கஞ்சிக்குள் பருப்பை நன்றாக அவித்து மசித்துப் போடுங்கள், முட்டையை அடித்து ஊற்றுங்கள், பால் மா சேருங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கும் சீனி வருத்தம் உள்ளவருக்கும் அளவு வேறு. அதை டொக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டு வையுங்கள்.

சாப்பிடும்போது இருமல் வந்தால், குடித்த பிறகு குரல் கரகரத்தால், வாயில் சோறு தங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அவரை நேராக உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். விழுங்குவதைச் சோதித்து எந்தப் பதத்தில் கொடுப்பது என்று சொல்ல பேச்சு சிகிச்சையாளர் இருக்கிறார். பேசப் பழக்குவதற்கு மட்டும் என்று பலர் அவரிடம் போவதில்லை.

எந்த மீன் நல்லது?

மலிவானதுதான். ஒமேகா-3 நிறைய உள்ளவை சாளை, சூடை, கீரி, கும்பளா மாதிரி எண்ணெய்ப் பிடிப்பான மீன்கள். சின்ன, எண்ணெய்ப் பிடிப்பான மீனில் 100 கிராமுக்கு 1 கிராம் அளவில் ஒமேகா-3 இருக்கும். கரைவலை இழுக்கும் காலத்தில் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரையிலேயே வாங்கலாம், வாழைச்சேனைப் பக்கம் இருப்பவர்களுக்குத் துறைமுகத்திலேயே கிடைக்கும். அறக்குளாவும் பாரையும் ருசியானவை, நல்ல புரதம் உள்ளவை, ஆனால் ஒமேகா-3க்காக அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. குளத்து திலாப்பியாவில் ஒமேகா-3 குறைவு, புரதம் நல்லது. கடல் கொந்தளிக்கும் மாரியில் டின் மீன் போதும். அது பெரும்பாலும் ஒரு வகைக் கானாங்கெளுத்தி, அதிலும் 100 கிராமுக்கு 1 கிராம் அளவு இருக்கிறது. உப்புத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடுங்கள்.

சமைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். கருகப் பொரித்தால் மீனின் எண்ணெய் சட்டியில் போய்விடும். ஆணமோ சொதியோ வைத்தால் வெளியே வந்த எண்ணெயும் கறியோடு கிடைக்கும். புளியாணம் நோயாளிக்கு வாய்க்கு நன்றாகப் பிடிக்கும், உறைப்பைக் குறைத்து வையுங்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்குச் சின்ன மீன் கொடுக்கும்போது முள் பயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்து முள் எடுத்து, சோற்றோடு மசித்துக் கொடுங்கள். கருவாட்டை நம்பி இருக்க வேண்டாம், பிரஷர் உள்ளவருக்கு அந்த உப்பு கூடாது. சுறா எப்போதாவது என்றால் சரி, பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் தினமும் வேண்டாம்.

கிழமைக்கு இரண்டு மூன்று நாள் இந்த மீன் சாப்பிடுகிறவருக்குப் போத்தல் எதற்கு என்பது என் எண்ணம்.

குளிசையில் 1000 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அது ஒமேகா-3இன் அளவா?

இல்லை. அது மொத்த எண்ணெயின் எடை. போத்தலைத் திருப்பி, பின்னால் சின்ன எழுத்தில் ஈ.பி.ஏ, டி.எச்.ஏ என்று இருப்பதைப் பாருங்கள், மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வகைகள் இவை. சாதாரண 1000 மில்லிகிராம் குளிசையில் ஈ.பி.ஏ 180, டி.எச்.ஏ 120, ஆக 300 மில்லிகிராம்தான் வேலை செய்யும் பகுதி. அந்த அமெரிக்க நோயாளிகளுக்குக் கொடுத்தது இதைவிடப் பல மடங்கு கூடுதலான அளவு. அதை வீட்டில் செய்துபார்க்க முயற்சித்தால் ஒரு நாளைக்குக் குளிசைகளைக் கைநிறைய விழுங்க வேண்டிவரும். வயிற்றோட்டம், குமட்டல், நெஞ்செரிவு எல்லாம் வரும், சாப்பாடும் கெடும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2012இல், ஈ.பி.ஏயும் டி.எச்.ஏயும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 கிராம் வரை ஆரோக்கியமான பெரியவருக்குப் பாதுகாப்பானது என்று சொன்னது. தலையில் இரத்தக் கசிவோடு இருக்கும் ஒருவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கொட் லிவர் ஒயிலும் இதுவும் ஒன்றுதானே?

வேறு. அது மீனின் ஈரலில் இருந்து எடுப்பது, விற்றமின் ஏயும் டியும் அதில் அதிகம். ஒரு தேக்கரண்டியில் விற்றமின் ஏ ஏறக்குறைய 1350 மைக்ரோகிராம் இருக்கும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு உச்ச அளவு 3000. மூன்று கரண்டியிலேயே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். விற்றமின் ஏ உடலில் தேங்கினால் தலையிடி, வாந்தி, மண்டைக்குள் அழுத்தம் கூடுதல் எல்லாம் வரும். தலைக்காயக்காரருக்கு இவை வந்தால் காயம் மோசமாகிறதா, எண்ணெய் கூடிவிட்டதா என்று டொக்டருக்கே குழப்பமாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு இது அறவே வேண்டாம்.

மீன் எண்ணெய் இரத்தத்தை இளக்கும் என்கிறார்கள். உண்மையா?

ஓரளவுக்கு. இதயச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில் இரத்தப்போக்கு கூடவில்லை. அதனால் ஒன்றிரண்டு குளிசைக்கு அளவுக்கு மீறிப் பயப்படத் தேவையில்லை. ஆனாலும் தலைக்குள் கசிவு இருந்தவர், சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர், அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் எடுப்பவர் ஆகியோர் டொக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. கிளினிக் கொப்பியில் எழுதும்படி சொல்லுங்கள்.

வயதானவர்கள் விடயத்தில் இது இன்னும் முக்கியம். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார், அன்று ஒன்றும் இல்லை, மூன்று கிழமை கழித்து நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, நித்திரையாகவே இருக்கிறார் என்றால் மூளையைச் சுற்றி மெதுவாக இரத்தம் தேங்கியிருக்கலாம். அஸ்பிரின், வார்ஃபரின் எடுக்கிறவர்களுக்கு இது கூடுதலாக வரும். வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோங்கள். நேரத்துக்குப் பிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம்.

இன்னொன்று இதயத் துடிப்பு. 2018இல் வெளியான 8,179 பேரின் ஆய்வில் ஒரு நாளைக்கு 4 கிராம் சுத்திகரித்த ஈ.பி.ஏ மருந்து எடுத்தவர்களில், ஒழுங்கற்ற துடிப்புக்காக வைத்தியசாலையில் சேர்ந்தவர்கள் 3.1 வீதம். எடுக்காதவர்களில் 2.1 வீதம். படபடப்பு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

குளிசையின் கூடு ஹலாலா? நாங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள், எங்களுக்கு என்ன?

மென்மையான கூட்டை ஜெலட்டினில் செய்கிறார்கள். அது மாட்டில் இருந்தோ பன்றியில் இருந்தோ மீனில் இருந்தோ வரலாம். போத்தலில் ஹலால் முத்திரையோ ‘மீன் ஜெலட்டின்’ என்ற வார்த்தையோ இல்லாவிட்டால் ஊகிக்க முடியாது. திரவமாக வருவதில் இந்தச் சிக்கல் இல்லை. மரக்கறிக்காரருக்குக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் டி.எச்.ஏ எண்ணெய் இருக்கிறது, கூட்டை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3, உடல் அதில் மிகக் கொஞ்சத்தைத்தான் டி.எச்.ஏ ஆக மாற்றும்.

காயம் ஆறியும் ஆள் மாறிப்போனார். சும்மா சும்மா கோபம், ஏச்சு. சனம் பேய் பிடித்திருக்கிறது என்கிறது. மீன் எண்ணெய் மூளையை அமைதியாக்குமா?

ஆக்காது. இது காயத்தின் ஒரு பகுதி. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் கோபத்தை அடக்குவதும், யோசித்துப் பேசுவதும், வேலையைத் தொடங்கி முடிப்பதும். அங்கே அடிபட்டால் வெளியே ஒரு கீறலும் தெரியாமலே குணம் மாறலாம். மனைவியை ஒருநாளும் ஏசாதவர் ஏசுவார். ஒரு வேலையும் செய்யாமல் திண்ணையில் இருப்பார், சோம்பேறி என்று சொல்வார்கள். இந்தக் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்காது. வைத்தியசாலைக்குப் போகாமல் பேயோட்டுகிறவரிடமும் செய்வினை எடுக்கிறவரிடமும் நகையை அடகு வைத்துப் போகிறார்கள். இடையில் வலிப்புக் குளிசையும் நின்றுவிடுகிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரும் ஆபத்து இருக்கிறது.

கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போங்கள், அது உங்கள் ஆறுதல். அதோடு கிளினிக்கில் இந்தக் குணமாற்றத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் தலையிடியையும் காயத்தையும் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் விசர் என்று அர்த்தமில்லை. வீட்டில் சத்தத்தைக் குறைப்பது, ஒரு நேரத்தில் ஒரு விடயம் மட்டும் பேசுவது, நித்திரையை ஒழுங்காக்குவது, சாராயத்தை முழுதாக நிறுத்துவது எல்லாம் எந்தப் போத்தலையும் விடக் கூடுதலாக உதவும்.

எவ்வளவு காலம் எடுக்கும்?

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். அப்புறம் மெதுவாகும், நின்றுவிடாது. வருடக் கணக்கில் சின்னச் சின்னதாகத் தேறுகிறவர்கள் உண்டு. பிசியோதெரபிக்கு வரச்சொன்ன நாளைத் தவறவிடாதீர்கள். வாகரையில் இருந்தோ பொத்துவிலில் இருந்தோ பஸ் ஏறி வருவது லேசான காரியம் இல்லை என்பது தெரியும். போத்தலுக்குச் செலவழிக்கும் காசை அந்த ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒதுக்குங்கள்.

பிள்ளை விளையாடி விழுந்து தலையை அடித்துக்கொண்டது. வீட்டில் பார்த்தால் போதுமா?

திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பக் கஷ்டமான நித்திரை, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலையிடி, காதாலோ மூக்காலோ இரத்தமோ தெளிந்த நீரோ வருதல், கை, கால் சோர்வு, குழம்பிய பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கைக்குழந்தை என்றால் அடையாளம் இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். ஒன்றும் இல்லை என்று அனுப்பினாலும் ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுத்து, பிறகு படிப்படியாகப் பாடசாலைக்கும் விளையாட்டுக்கும் விடுங்கள். முழுதாகத் தேறும்வரை தலையில் இன்னொரு அடி படக்கூடாது.

கனடாவில் இருந்து மாமி அனுப்பின இரண்டு போத்தல் இருக்கிறது. எறியவா?

எறிய வேண்டாம். முதலில் திகதியைப் பாருங்கள். ஒரு குளிசையை வெட்டி மணந்து பாருங்கள், பழைய பெயின்ட் மாதிரி மணந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது, அதைக் கொட்டுங்கள். எங்கள் ஊர் வெக்கைக்கு ஜன்னலோரத்தில் வைத்தால் சீக்கிரம் கெடும், குளிரூட்டியில் வையுங்கள். நோயாளி நன்றாக விழுங்குகிறார், இரத்தம் இளக்கும் மருந்து எடுக்கவில்லை, டொக்டரும் சரி என்றால் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு ஒன்று கொடுக்கலாம். மீன் ஒவ்வாமை உள்ளவருக்குக் கொடுக்காதீர்கள். மாமிக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த முறை அதே காசை பிசியோதெரபிக்குப் போய்வர அனுப்பச் சொல்லலாம். விளக்கிச் சொன்னால் அவரும் புரிந்துகொள்வார்.